றோல்ஸ் கடைச் சுவரில் மணிலா

யூன் 11, புதன்

மழை. காலைப் பணி. தண்டவாளம் முழுக்க ஈரம், பிரேக்கைத் தொட்டாலே ட்றாம் வழுக்கப் பார்க்கிறது. ஒரு கிழவர் கதவடியில் நின்று, "பெண்ணா ஓட்டுகிறாள்?" என்று மனைவியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. இத்தனை வருடமாகியும் கேட்கிறார்கள். மணியை நல்லாக அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

செய்ய வேண்டியவை: இவருடைய பிரஷர் மருந்து. அரிசி. எலேனாவின் எழுத்தைத் திருத்திக் கொடுப்பது.

எலேனா இங்கே எங்கள் ஜெர்மன் பங்குக் கோவிலின் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள். பிலிப்பைன்ஸ்காரி. ஆஸ்பத்திரியில் தாதி. மாதக் கடைசி ஞாயிறு பங்கு விழா. ஒவ்வொரு நாட்டுச் சனமும் தங்கள் நாட்டுக் கதையை ஒரு பலகையில் எழுதி மண்டபத்தில் வைக்க வேண்டுமாம். எங்கள் பலகை ஏற்கெனவே தயார்: மடு மாதா கோவில் படம், பனைமரம், இரண்டு வரி. எங்கள் தமிழ்ப் பணியகத் தலைவர் அன்ரன் அண்ணை வருடா வருடம் அதையே தூசி தட்டிக் கொண்டுவருகிறார். எலேனா மட்டும் மாதக் கணக்கில் இருந்து எழுதியிருக்கிறாள். என் ஜெர்மன் சரியா என்று பார்த்துத் தா என்றாள்.

சீக்கர் என்கிற கடைசித் தரிப்பில் ட்றாமை நிறுத்தி இடைவேளை. தேத்தண்ணியோடு வாசிக்கத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

1898. கியூபாவை விடுவிக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்கா ஸ்பெயினோடு சண்டைக்குப் போகிறது. சண்டை பிலிப்பைன்ஸுக்கும் வருகிறது. அங்கே சனம் ஏற்கெனவே ஸ்பெயினோடு அடிபட்டுக்கொண்டிருக்கிறது. சுதந்திரம் என்று அறிவித்தும் விட்டது. (யூன் 12 என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். நாளைதான் அந்த நாள்.) மணிலா நகரைச் சுற்றி நிற்பது அந்தச் சனத்தின் படை. ஆனால் ஸ்பெயின்காரனும் அமெரிக்காக்காரனும் தங்களுக்குள் பேசி, ஒரு பொய்ச் சண்டை போடுகிறார்கள். சும்மா பேருக்குச் சுட்டுவிட்டு ஒருவன் நகரைக் கொடுக்கிறான், மற்றவன் வாங்குகிறான். எதற்கு? அந்த ஊர்ச் சனம் உள்ளே வரக்கூடாது என்பதற்கு.

பிறகு பரிஸில் ஒப்பந்த மேசை. ஸ்பெயினுக்கு அமெரிக்கா கொடுத்தது இருபது மில்லியன் டொலர். நாடு கைமாறியது.

அதற்குப் பிறகுதான் உண்மையான போர், விடுவிக்க வந்தவனோடு.

ஜெர்மன் பிழை அதிகமில்லை. திருத்துகிற சாட்டில் இரண்டு தரம் வாசித்தேன். ட்றாமை எடுக்கப் பிந்திவிட்டது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஏச்சு.

யூன் 12, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. பின்னேரப் பணி.

காலையில் எலேனாவுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தேன். வேலையால் வந்து படுக்கப் போகிறாளாம். பலகையின் கடைசிப் பகுதியைப் பற்றிக் கேட்டேன். அது அவளுடைய குடும்பக் கதை. பத்தங்காஸ் மாகாணம். அவளுடைய பூட்டன் அப்போது சின்னப் பெடியன். ஊர்ச் சனம் எல்லாம் ஒரு எல்லைக்குள் வந்து இருக்கவேண்டும், வெளியே அகப்படுகிற உணவெல்லாம் எரிக்கப்படும், வெளியே நிற்கிறவன் எதிரி என்று அமெரிக்கப் படை கட்டளை போட்டதாம். பூட்டனின் தமையன், பெயர் ஃபெலிசியானோ, வீட்டில் ஒளித்து வைத்த நெல்லை எடுக்க எல்லையைத் தாண்டிப் போனான். திரும்பவில்லை.

"அவன் பெயர் எங்கேயும் இல்லை, மெற்றி. கல்லறை இல்லை, கல் இல்லை. பாடப் புத்தகத்தில் அந்தப் போரே இல்லை. ஒரு சுவரிலாவது ஒரு நாள் இருக்கட்டும். எனக்கு அவ்வளவுதான்."

இவ்வளவும் சொல்லிவிட்டு, கோழிக் கறிக்குப் பழப்புளி விடலாமா என்று கேட்கிறாள். விசரி.

யூன் 14, சனி

தமிழ்ப் பூசை. மண்டபத்தில் தேத்தண்ணி, கேக். சனம் வழக்கம்போல. அன்ரன் அண்ணை கரண்டியால் கோப்பையைத் தட்டிப்போட்டு எழும்பினார்.

"விழாக் குழுக் கூட்டம் நல்ல சுமுகமாய் முடிஞ்சுது. எங்கட றோல்ஸ் கடை போன முறை மாதிரி மரத்தடியிலைதான். இந்த முறை அமெரிக்காவிலையிருந்து சகோதரப் பங்குக்காரரும் வருகினம். அதாலை அந்தப் பிலிப்பைன் பலகை வேண்டாமெண்டு விட்டாச்சு. நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன். ஒரு கரைச்சலுமில்லை."

கேக்கைக் கீழே வைத்தேன்.

"ஆரைக் கேட்டு அண்ணை ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"ஏன் தங்கச்சி, ஆசியாவுக்கு நான்தானே."

இதுதான் விஷயம். விழாக் குழுவில் ஆசியாவுக்கு ஒரு கதிரை. வியட்நாம்காரர், கேரளாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நாங்கள் எல்லாம் சேர்த்து ஒன்று. பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லாரும் முறை வேலை, கூட்டத்துக்கு வர ஏலாது. நாங்கள்தான் ஆகப் பழைய சனம். ஆகவே அன்ரன் அண்ணை.

அவரை எனக்குத் தெரியாதா? முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல எங்களுக்கு வராது. கோவில் மனிசர் கேட்டால் அறவே வராது. கூட்டத்தில் ஓம், ஓம், சிரிப்பு. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினபிறகுதான் வாயைத் திறப்போம். ஊரில் அதனால் ஒன்றும் மோசமில்லை, அந்த ஓமை ஒருவரும் ஓமாக எடுப்பதில்லை. இங்கே உடனே எழுதிக்கொள்கிறார்கள்.

"அண்ணை, அது எலேனாவின்ர பலகை. அவளைக் கேட்டனீங்களோ?"

"அதார் எலேனா?"

எனக்கு வந்த கோபத்துக்கு, கோப்பையை மேசையில் வைத்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் யூட் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சேரும், சனம் பாக்குது." பார்க்கட்டும்.

யூன் 15, ஞாயிறு

ஜெர்மன் பூசைக்குப் பிறகு பாடகர் அறையில் எலேனாவிடம் சொன்னேன். வேறு யாரும் சொல்லி அவள் கேட்கக்கூடாது.

அழுவாள் என்று நினைத்தேன். பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தாள்.

"யார் சம்மதித்தது?"

"எங்கள் ஆள். தமிழர்."

"அவருக்கு என் பெயர் தெரியுமா?"

"தெரியாது."

சிரித்தாள். "பரிஸுக்கும் எங்கள் ஆள் ஒருவர் போனார், மெற்றி. கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். உள்ளே அவரது நாட்டைப் பேசி முடித்தார்கள். நான் வெளியில்கூட நிற்கவில்லை. அன்று எனக்கு வேலை."

அந்தச் சிரிப்பைவிட அவள் அழுதிருக்கலாம்.

ட்றாமில் வீட்டுக்கு வரும்போது யோசனை. எங்களுக்கும் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, மன்னாரில். றேடியோவில் கேட்டோம். எங்கள் நாடு, பக்கத்துப் பெரிய நாடு, இரண்டின் கையெழுத்தும் இருந்தது. எங்களைப் பற்றித்தான் முழுக்க, எங்கள் கையெழுத்து இல்லை. அப்பா றேடியோவை நிற்பாட்டிவிட்டு வளவுக்குள் போனது நினைவு. அந்தக் கதையை எத்தனை வருடமாக எத்தனை ஜெர்மன்காரருக்குச் சொல்லி வயிறு எரிந்திருக்கிறோம்! இப்போது அதே வேலையை நாங்கள் இன்னொரு சனத்துக்குச் செய்துபோட்டு, கேக் தின்கிறோம்.

நாளைக்கு உடுப்புத் தோய்க்கவேண்டும்.

யூன் 17, செவ்வாய்

பணி முடிந்து சீருடையோடேயே பங்கு அலுவலகம். விழாக் குழுத் தலைவி ஃபிறவ் பிறிங்க்மன் இருந்தா. கெட்ட மனிசி இல்லை. நாங்கள் வந்த காலத்தில் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவ. அதுதான் கரைச்சல், வாய் திறந்தால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம்.

"பதினாறு விருந்தினர் வருகிறார்கள், மெற்றில்டா. எல்லாரும் வயதானவர்கள், அன்பானவர்கள். வந்து இறங்கியதும் அவர்கள் நாட்டைத் திட்டுகிற பலகையா?"

"அதில் திட்டே இல்லை. நடந்தது இருக்கிறது."

"எவ்வளவோ காலத்துக்கு முந்தியது. ஜெர்மனிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அது ஒரு விழா. சமாதானம் வேண்டும்."

எலேனாவின் புண்ணியத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். சொன்னேன். மணிலாக் குடாவில் அன்றைக்கு ஜெர்மன் போர்க்கப்பல்களும் என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றன. அமெரிக்கா எடுத்ததுபோக ஸ்பெயினிடம் மிஞ்சிக் கிடந்த தீவுகளை அடுத்த வருடம் ஜெர்மனி காசு கொடுத்து வாங்கியது. சமோவாவை ஜெர்மனியும் அமெரிக்காவும் கேக்கை வெட்டுகிற மாதிரிப் பிரித்து எடுத்தன. சம்பந்தம் இல்லாமல் இல்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "எல்லாரும் ஒருமனதாக முடிவெடுத்தது. ஆசியப் பிரதிநிதியும் சம்மதித்தார். அன்ரன் எவ்வளவு இனிமையான மனிதர்."

இனிமையான மனிதர்! வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற கம்பியில் ஒரு உதை விட்டேன். கால்தான் நொந்தது.

யூன் 19, வியாழன்

திருவுடல் திருநாள், விடுமுறை. வெக்கை. பவனி முடிந்து நேரே அன்ரன் அண்ணை வீடு. யூட்டும் வந்தார், நான் எல்லை மீறினால் இழுக்கிறதற்கு என்று சொன்னார்.

அண்ணை கால்வலி, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு. அவரின் மனைவி (எங்களுக்கு அக்கா) தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் வைத்தா. நான் தொடவில்லை. அது அவவுக்கு விளங்கிவிட்டது, குசினிக்குள் போய்விட்டா.

"தங்கச்சி, நீ ஆத்திரத்திலை கதைக்கிறாய். நான் மண்டபத்தைப் பாக்கிறன். மாசம் ஒருக்கா எங்களுக்கு அந்த மண்டபத்தைச் சும்மா தருகினம். பிள்ளையளின்ர தமிழ் வகுப்பு அங்கை. மாதா திருநாள் அங்கை. உந்தப் பலகைக்காக முகத்தை முறிச்சால், நாளைக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் தா எண்டு கேட்டால் எங்கை போறது?"

"அப்ப மண்டபத்துக்காக அவளின்ர கதையைக் குடுத்தனீங்கள்."

"விசர்க் கதை கதையாதை. நான் ஒண்டும் குடுக்கேல்லை. அவை கேட்டினம், ஓமெண்டன். எனக்கு அதிலை என்ன எழுதியிருக்கெண்டும் தெரியாது."

"அதுதான் அண்ணை பிரச்சினை. என்ன எழுதியிருக்கெண்டும் தெரியாது, ஆர் எழுதினதெண்டும் தெரியாது, ஆனால் ஓம்."

முகம் கறுத்துப் போனது. எனக்கு மூத்தவர். எங்கள் ஊரவர். நான் இங்கு வந்து இறங்கியபோது குளிருக்கு ஜக்கெற் வாங்கித் தந்தவர். ஆனாலும் வாயை அடக்கவில்லை.

"எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றிக் கையெழுத்து வைச்சவங்களை நீங்கள் எவ்வளவு பேசியிருப்பியள்? இந்தச் சோபாவிலை இருந்து எவ்வளவு பேசியிருப்பியள்?"

யூட் இருமினார். எழும்பினோம். எலேனாவின் எழுத்துப் பிரதியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். காருக்குள் யூட்: "நல்லாய்த்தான் குடுத்தீர். ஆனால் அந்த வடையைத் திண்டிருக்கலாம்."

யூன் 22, ஞாயிறு

காலைச் செய்தி: அமெரிக்க ஜனாதிபதிக்குக் கிறீன்லாந்து வேண்டுமாம், அதை இன்னும் விடவில்லை. பனாமாக் கால்வாயும். கிறீன்லாந்துச் சனம் என்ன சொல்லுகிறது என்பது செய்தியின் கடைசியில், அதுவும் அரைவாசியில் விளம்பரம் வந்துவிட்டது. காலம் மாறிவிட்டது என்று ஃபிறவ் பிறிங்க்மன் வந்து சொல்லட்டும்.

மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டு நிற்கப் போன். அன்ரன் அண்ணை.

"தங்கச்சி, வாசிச்சன்."

"ஓம்."

"அகராதி வைச்சு வாசிச்சன். மூண்டு நாளாய். அந்த எல்லைக் கதை... வெளியிலை நிண்டால் எதிரி எண்டு போட்டிருக்கு."

"ஓம் அண்ணை."

"என்ர தங்கச்சிக்கும் வன்னியிலை உப்பிடித்தான் சொன்னவங்கள். இந்தக் கோட்டுக்கு உள்ளுக்கு வா, பாதுகாப்பு எண்டு. போனவள். திரும்பேல்லை. அந்தப் பெடியன் நெல்லெடுக்கப் போனவன் எல்லே. எத்தினை வயசாம்?"

"தெரியாது அண்ணை. எலேனாவுக்கும் தெரியாது."

"நான் பிறிங்க்மனுக்குப் போன் அடிச்சு, நான் சொன்ன ஓம் பிழை, அதைத் திருப்பி எடுக்கிறன் எண்டு சொன்னன். ஏலாதாம். நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சாம். மண்டபத்துக்குள்ளை இடமில்லையாம்."

மீன் கருகிவிட்டது. பரவாயில்லை.

"மண்டபத்துக்குள்ளை இடமில்லையெண்டால்," என்றார் அண்ணை, "மரத்தடியிலை இருக்கிறது எங்கட கூடாரம். அதின்ர பின்சுவர் வெறுந் துணி."

இதை அவரே சொன்னார். நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் என் தலையில் போடக்கூடாது.

பின்னேரம் அவரே எலேனா வீட்டுக்குப் போனாராம், அக்காவையும் கூட்டிக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று எலேனா சொல்லவில்லை. "உங்கள் ஆளுக்கு இப்போது என் பெயர் தெரியும்" என்று மட்டும் போனில் எழுதியிருந்தாள்.

யூன் 28, சனி

புழுக்கம். எங்கள் வீட்டுக் குசினி முழுக்கச் சனம். நாளைக்குப் பொரிக்க, ரொட்டிக்குள் கறி வைத்து றோல்ஸ் உருட்டல்.

ஆட்டிறைச்சி கிழங்கு யூட் பொறுப்பு (தொழில் சமையல், ஒருவரையும் கிட்ட விடமாட்டார்). ரொட்டி சுடுவது நான். அக்கா முட்டை, ரஸ்க் தூள். எலேனா உருட்ட வந்தாள். அவள் ஊரில் லும்பியா என்று இதற்குத் தம்பி மாதிரி ஒன்று உண்டாம், ஆகவே தனக்குத் தெரியும் என்றாள். உருட்டினது ஒவ்வொன்றும் சுருட்டு அளவு.

யூட்: "உதைக் கடிக்கிறதோ, பத்திறதோ?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். மாவை எடுத்து அவர் மூக்கில் பூசிவிட்டாள்.

சமையலுக்கிடையில் ஒரு சண்டையும். அக்காவின் மருமகன் வந்தவர், இளந்தாரி, கம்பனியில் நல்ல வேலை. "உங்களுக்கு என்னத்துக்கு உந்த வேலை? நாங்கள் இஞ்ச நல்ல பேரோடை இருக்கிறம். அமெரிக்காவைப் பகைக்கிறதே? அவங்கள் இல்லாட்டி உலகத்திலை எங்களைப் பற்றி ஆர் கதைச்சது?"

அக்கா திரும்பியும் பார்க்காமல்: "உங்களைப் பற்றிக் கதைக்கிறவை உங்களை விட்டுக் கதைச்சால் உங்களுக்குப் பரவாயில்லையோ, தம்பி? அந்தத் தூளை இஞ்சாலை எடுத்துத் தாங்கோ."

நாற்பது வருடக் கலியாணத்தில் அன்ரன் அண்ணையை யார் நடத்தியது என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

பலகையைக் காரில் ஏற்றியாகிவிட்டது. பயமில்லையென்று சொன்னால் பொய். தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் பயத்துக்கு இனி ஓம் சொல்ல மாட்டேன்.

யூன் 29, ஞாயிறு

கொளுத்துகிற வெயில். கால் வீக்கம். கை முழுக்க எண்ணெய்ப் பொட்டு. இருந்தாலும் எழுதவேண்டும்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும் வழக்கம்போல எங்கள் கடைக்கு முன்னால்தான் பெரிய வரிசை. மற்றக் கடையில் சொசேச், எங்களிடம் றோல்ஸ், சொல்லவா வேண்டும். வரிசை வளைந்து வளைந்து மரத்தைச் சுற்றி நின்றது. பின்சுவரில் எலேனாவின் பலகை. நிற்கிற சனத்துக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? வாசித்தார்கள். தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பெண் தன் புருசனுக்கு உரத்தே வாசித்துக் காட்டினா.

எலேனா பலகைக்குப் பக்கத்தில். வெள்ளைச் சட்டை, பட்டாம்பூச்சிக் கை வைத்தது. அவள் ஊர் உடுப்பு. வேலையில் இருந்து இன்னும் மூன்று பிலிப்பைன்ஸ் பெண்கள் முறை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள்.

ஃபிறவ் பிறிங்க்மன் வந்தா. முகம் சிவந்து. அமெரிக்க விருந்தினர் கொஞ்சம் தள்ளி, நிழலில் ஜூஸ் குடித்துக்கொண்டு.

"அன்ரன், இது என்ன? முடிவெடுத்தது தெரியும்தானே?"

அண்ணை எண்ணெய்த் தாச்சிக்குப் பக்கத்தில் நின்று பொரித்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"மண்டபத்துக்கு முடிவு எடுத்தோம். இது எங்கள் கூடாரம்."

"இதைக் கழற்றினால்தான் கடை நடக்கலாம். தயவுசெய்து."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் எலேனாவைப் பார்த்தேன். எலேனா ஒருவரையும் பார்க்கவில்லை, பலகையின் கீழ் ஓரத்தைப் பிடித்திருந்தாள். ஃபெலிசியானோ என்று எழுதியிருக்கிற இடம்.

அண்ணை குனிந்து காஸ் சிலிண்டரைத் திருகி மூடினார். ஒரு அடுப்பு. மற்ற அடுப்பு. எண்ணெய் கொஞ்ச நேரம் சத்தம் போட்டு அடங்கியது.

"சரி. கடை இல்லை."

ஜெர்மனில்தான் சொன்னார், உரத்து. அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. வரிசையில் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. "என்ன நடந்தது?" "ஏன் நிற்பாட்டினார்கள்?" என்று பின்னுக்குப் போகப் போகக் கேள்வி. பசியோடு நிற்கிற ஜெர்மன்காரனுக்குக் காரணம் சொல்லியாகவேண்டும். சொன்னோம். நான் சொன்னேன், அக்கா சொன்னா, தாதிப் பெண்கள் சொன்னார்கள். பலகை வேண்டாமாம், ஆகவே றோல்ஸும் இல்லை.

ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தி ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், தட்டை நீட்டியபடியே, "நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை, அதைக் கழற்றாதீர்கள்" என்றார். ஃபிறவ் பிறிங்க்மனிடம்தான் சொன்னார். பின்னால் இருந்து கைதட்டல்.

அவ திரும்பிப் போய்விட்டா. பாவமாகவும் இருந்தது. போகட்டும்.

சத்தம் கேட்டு அமெரிக்க விருந்தினர் வந்தார்கள். ஒரு உயரமான மனிதர், தொப்பி, ஜெர்மன் நன்றாகப் பேசினார். பலகை முழுக்க வாசித்தார். கோபம் வந்தது தெரிந்தது, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"இது ஒரு பக்கம் மட்டும். நாங்கள் அந்த நாட்டில் பள்ளிக்கூடங்கள் கட்டினோம். ஊர் ஊராக."

எலேனா சொன்னாள்: "கட்டினீர்கள். நான் அப்படி ஒன்றில்தான் படித்தேன். ஃபெலிசியானோ நெல்லெடுக்கப் போன இடத்திலிருந்து நடந்து போகிற தூரம். பத்து வகுப்பு முடித்தேன். அதில் ஒரு நாளும் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். மன்னிப்பா, வெக்கைக்கா, தெரியாது. பலகையில் ஒரு வார்த்தையும் மாறவில்லை, அதுவே எனக்குப் போதும்.

அண்ணை அடுப்பை மூட்டினார். பின்னேரத்துக்குள் எல்லாம் விற்று முடிந்தது, எலேனாவின் சுருட்டுகள் உட்பட.

யூலை 1, செவ்வாய்

இடி. மழை. காலைப் பணி, ட்றாமுக்குள் நாய் ஒன்று வாந்தி.

பங்கு அலுவலகத்தில் இருந்து அன்ரன் அண்ணைக்குப் போன் வந்ததாம். மண்டபத் திறப்பைக் கொண்டுவந்து தரவேண்டுமாம், "புதிய ஒழுங்கு வரும்வரை". பயந்தது நடந்துவிட்டது. தமிழ் வகுப்பு எங்கே என்று தாய்மார் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யூட் தன் வேலை இடத்துச் சாப்பாட்டு அறையைச் சனிக்கிழமைக்குக் கேட்டுப் பார்க்கிறாராம். பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் விடுதிப் பொது அறை இருக்கிறது என்கிறார்கள். பார்க்கலாம். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

பணி முடிந்து வீட்டுக்கு வர, அண்ணை படியில் இருக்கிறார். குடையில்லை, தலை ஈரம். திறப்பைக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார். என்னை ஏசத்தான் வந்தவர் என்று நினைத்தேன். ஏசட்டும், கேட்கத்தானே வேண்டும்.

"தங்கச்சி, அந்தப் பலகை எங்கை?"

"இஞ்சதான். அலுமாரிக்குப் பின்னாலை."

"பழுதாகேல்லையே?"

"இல்லை. ஏன்?"

"ஆவணியிலை கேவ்லார் மாதா யாத்திரை வருது எல்லே. ஜெர்மனி முழுக்க இருக்கிற எங்கட சனம் ஆயிரக்கணக்கிலை வரும். எங்களுக்குக் கடை போட இடமிருக்கு. எலேனாவைக் கேட்டிட்டன். முதல்லை அவளைத்தான் கேட்டன். ஓமெண்டவள். ஆனால் தமிழிலை வேணும். நீ எழுது."

உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்க, நான் மேசையில் இருந்து முதல் வரியை எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இரண்டு அரசுகள் ஒரு மேசையில் இருந்து மூன்றாவது சனத்தின் நாட்டைப் பேசி முடித்தன. அந்தச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை."

கீழே எது எந்த நாடு, எந்த வருடம் என்று விளக்கம் போடவா என்று கேட்டேன்.

"பிறகு போடு," என்றார் அண்ணை. "முதல்லை இதை மட்டும் பெரிய எழுத்திலை எழுது. எங்கட சனம் தங்களைப் பற்றியெண்டு நினைச்சு ஓடி வரும். கிட்ட வந்தபிறகு பிலிப்பைன்ஸ் எண்டு வாசிக்கட்டும்."